பென்னர் இன்னும் ஊரில் இருக்கிறார்

நார்வார்ம் நிறுவனத்தின் உத்தரவாதப் புத்தகம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் நூற்றுப் பத்துப் பக்கங்கள் நிறுவனம் எதற்கெல்லாம் பொறுப்பல்ல என்று விவரமாகச் சொல்கின்றன. மீதி இரண்டில் ஒன்றில் நிறுவனத் தலைவரின் கையெழுத்து. மற்றதில் ஒரு படம்: ஒரு குடும்பம் சன்னலோரம் நின்று ரிமோட்டை அமுக்க, வெளியே பனியில் நிற்கும் வண்டி தானாகக் கிளம்பிச் சூடாகிறது, எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். எர்னெஸ்டீன் ஃப்ளெட் அந்தப் படத்தை நம்பித்தான் அந்த ரிமோட்டை வாங்கினாள்.

ஆசைக்கு வாங்கியதல்ல. அவள் கணவர் வில்ஃபிரட், வட கனடாவில் சர்ச்சில் என்ற எங்கள் ஊரின் துறைமுகத் தானியக் கிடங்கில் முப்பத்தோரு வருடம் கோதுமைத் தூசியைச் சுவாசித்தவர். இப்போது குளிர்ந்த காற்று ஒரு வாய் உள்ளே போனால் போதும், நெஞ்சு அடைத்துக்கொண்டு உதடு நீலம் பாரித்துவிடும். வாரம் மூன்று நாள் மூச்சுச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர் ஏறுவதற்கு முன்னால் வண்டி இருபது நிமிடமாவது ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். அதை யாராவது வெளியே போய்க் கிளப்பியாக வேண்டும்.

சமையலறைக் கதவிலிருந்து வண்டிக்கு முப்பத்திரண்டு அடி. மற்ற மாதங்களில் அது ஒரு தூரமே இல்லை. அக்டோபரிலும் நவம்பரிலும், கடல் எப்போது உறையும், சீல் வேட்டைக்கு எப்போது போகலாம் என்று காத்திருக்கும் பனிக்கரடிகள் பசியோடு எங்கள் சந்துகளில் உலாவும்போது, முப்பத்திரண்டு அடி நல்ல நீளம். எர்னெஸ்டீன் மூலைகளைப் பார்த்துப் பார்த்துப் போய்ச் சாவியைத் திருகிவிட்டு ஓடி வருவாள். வில்ஃபிரட் சன்னலில் நின்று அவள் அடிகளை எண்ணுவார். எண்ணி முடிக்கும்வரை அவருக்கு மூச்சு வராது, அது நுரையீரல் கோளாறு அல்ல.

அதனால்தான் புது பிக்கப் வண்டி வாங்கியபோது தெற்கே வின்னிபெக் நகரத்திலேயே நார்வார்ம் ரிமோட் ஸ்டார்ட்டரைப் பொருத்தச் சொன்னாள். எங்கள் ஊருக்குச் சாலை கிடையாது, வண்டி ரயிலேறி ஆகஸ்டில் வந்தது. ஆகஸ்டில் யாரும் வண்டியைச் சூடாக்குவதில்லை. அக்டோபர் மூன்றாம் வாரம், மைனஸ் பன்னிரண்டில், முதன்முதலாகச் சன்னலில் நின்று ரிமோட்டை அமுக்கினாள். வண்டியின் விளக்குகள் இரண்டு முறை சிமிட்டின. அவ்வளவுதான்.

"திரும்ப அமுக்கு" என்றார் வில்ஃபிரட்.

திரும்ப அமுக்கினாள். திரும்பச் சிமிட்டியது.

"கண்ணடிக்குதுடி உன்னைப் பார்த்து."

புத்தகத்தின் எண்பத்தேழாம் பக்கத்தில், இரண்டு சிமிட்டலுக்கு 'ஒரு முன்நிபந்தனை நிறைவேறவில்லை' என்று பொருள் போட்டிருந்தது. எந்த நிபந்தனை என்பது வணிக ரகசியம் என்று அடிக்குறிப்பு சொன்னது. எர்னெஸ்டீன் கோட்டை மாட்டிக்கொண்டு முப்பத்திரண்டு அடி நடந்தாள்.

மறுநாள் தொலைபேசியில் பேசினாள்.

"நார்வார்ம், வாடிக்கையாளர் இதப் பிரிவு. நான் பிராட்லி. இன்னிக்கு நீங்க எவ்வளவு இதமா இருக்கீங்க, மேடம்?"

"இதமா இல்லைன்னுதானே தம்பி போன் பண்றேன். குளிர்ல வண்டி கிளம்பலை."

"குளிர்னு நீங்க எதைச் சொல்றீங்க?"

"வெளியில இருக்கே, அதை."

"அது உங்க அபிப்பிராயம், மேடம். நாங்க குளிரை அளவாத்தான் எடுத்துக்குவோம்."

பிராட்லியிடம் இருபத்தாறு கேள்விகள் கொண்ட பட்டியல் இருந்தது. கதவெல்லாம் சாத்தியிருக்கிறதா? சாத்தியிருக்கிறது. எஞ்சின் மூடி மூடியிருக்கிறதா? மூடியிருக்கிறது. கியர் நிறுத்தத்தில் இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா, பாட்டரி புதிதா, வண்டி உங்களுடையதுதானா, நீங்கள் நீங்கள்தானா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். பட்டியலில் இல்லாத கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்க வேண்டும் என்று பிராட்லியின் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. அதற்கான பதிலைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.

"அப்போ குளிர் நிரூபணப் படிவம் அனுப்பறேன், மேடம்" என்றான் பிராட்லி.

படிவம் வந்தது. குளிரைச் சான்றளிக்கப்பட்ட வெப்பமானியால் அளந்து, வெப்பமானியோடு அனுப்ப வேண்டும். எர்னெஸ்டீன் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி, அறிவியல் ஆசிரியையிடம் கேட்டு ஒன்று வாங்கி அளந்து அனுப்பினாள். வெப்பமானி திரும்பி வந்தது. சான்றளிக்கப்பட்ட கருவியைப் பூஜ்யத்துக்குக் கீழே வெளியில் வைத்தால் சான்று செல்லாது என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அறைக்குள் வைத்து வெளிக்குளிரை அளக்கும்படி பணிவோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து, ரிமோட்டை அவள் அமுக்கும் விதத்தைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள். கையுறை போட்ட கட்டைவிரலை நிறுவனம் கட்டைவிரலாகக் கருதுவதில்லை என்று பதில் வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி பிடித்து அனுப்பினாள். மைனஸ் பதினைந்துக்குக் கீழே வெறுங்கையைக் காட்டும் காட்சிகளைப் பார்க்க ஊழியர் நலப்பிரிவு அனுமதிப்பதில்லை, அதனால் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி அனுப்புகிறோம் என்று எழுதினார்கள்.

இதற்குள் எர்னெஸ்டீனுக்குச் சந்தேகம் முளைத்துவிட்டது. இவர்கள் ஏதோ தெரிந்துகொண்டே மறைக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒரு மனிதன் எதற்குக் கட்டைவிரலைப் பற்றி மூன்று கடிதம் எழுதுவான்? வில்ஃபிரட்டுக்கு ஃப்ரிட்ஜின் மேல் சந்தேகம். அது உறுமும்போதெல்லாம் ரிமோட் வேலை செய்வதில்லை என்றார். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் பார்த்தார்கள். வண்டி கண்ணடித்தது, உள்ளே இருந்த கரிபு மான் இறைச்சி கெட்டது.

பிறகு பக்கத்து வீட்டு லாயிட்டின் மேல் சந்தேகம் திரும்பியது. அவன் மாடியில் ரேடியோக் கம்பி ஒன்று வைத்திருக்கிறான். அவன் கொண்டுவந்து கொடுத்த மீனை எர்னெஸ்டீன் வாங்கிக்கொள்ளவில்லை.

"என்ன ஆன்ட்டி, மீன் மேல கோபமா, என் மேலயா?"

"உன் கம்பி மேல."

"அது மூணு வருஷமா செத்துக் கிடக்கு. காக்கா உட்காரத்தான் வச்சிருக்கேன்."

"அப்படித்தான் சொல்லுவே" என்று கதவைச் சாத்தினாள்.

நவம்பர் முதல் வாரம் பிராட்லி தீர்வு சொன்னான். வண்டியைச் சேவை நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு வாருங்கள்.

"சாலை இல்லை, தம்பி."

"சாலை இல்லாத இடத்துல எதுக்கு மேடம் வண்டி வச்சிருக்கீங்க?"

அந்தக் கேள்வியும் பதிவு செய்யப்பட்டது. கடைசியில் வண்டியை ரயிலேற்றி அனுப்பினாள். பதினான்கு நாள் வண்டி ஊரில் இல்லை. லாயிட்தான் தன் பழைய காரைக் கொடுத்தான், மீன் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் காரின் ஹீட்டர் தனக்குத் தோன்றினால் வேலை செய்யும். ஒரு புதன்கிழமை பாதி வழியில் நின்றுபோனது. வில்ஃபிரட் கழுத்துத் துணியை மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார், ஆனாலும் ஒரு மூச்சு உள்ளே போய்விட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குழாயோடு கிடந்தார். எர்னெஸ்டீன் படுக்கையோரம் உட்கார்ந்து அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த மனுஷன் போய்விட்டால் சன்னலில் நின்று தன் அடிகளை எண்ண யாரும் இல்லை என்று நினைத்தாள்.

வண்டி திரும்பி வந்தது. கண்ணாடியில் ஒரு சான்றிதழ் ஒட்டியிருந்தது: மைனஸ் முப்பதில் குளிரூட்டிய கூடத்தில் ஐம்பது முறை சோதிக்கப்பட்டது, ஐம்பது முறையும் கிளம்பியது. ரயில் நிலையத்தில் இறக்கியதும் எர்னெஸ்டீன் கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. பூட்டியிருந்தார்கள்.

எங்கள் ஊரில் வண்டியைப் பூட்டுவது, விருந்தாளி வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்துவதற்குச் சமம். அதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. கரடி துரத்தி ஒருவன் ஓடி வந்தால், எந்த வண்டி முதலில் கண்ணில் படுகிறதோ அதில் ஏறிக்கொள்வான். உள்ளே இருப்பவன் நகர்ந்து உட்காருவான், அவ்வளவுதான் ஏற்பாடு. கதவைத் திறந்து வைப்பதை இங்கே யாரும் சொல்லித் தருவதில்லை, யாரும் மறப்பதும் இல்லை.

"பூட்டி அனுப்பியிருக்கானுங்க பாரு. உள்ள எதை ஒளிச்சு வச்சிருக்கானுங்களோ" என்று முணுமுணுத்துக்கொண்டே எர்னெஸ்டீன் ரிமோட்டை அமுக்கிப் பார்த்தாள். வண்டி முதல் அமுக்கிலேயே உறுமிக்கொண்டு கிளம்பியது.

அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வீட்டுக்கு ஓட்டி வந்தாள், நிறுத்தினாள், கதவை எப்போதும்போலச் சாத்திவிட்டு உள்ளே போய் வில்ஃபிரட்டைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலை சன்னலில் இருவரும் நின்று அமுக்கினார்கள். விளக்குகள் இரண்டு முறை சிமிட்டின.

நிறுவனத்தின் கடிதம் தெளிவாக இருந்தது. 'வண்டி பழுதற்றது. கருவி பழுதற்றது. ரயில் நிலையம் பழுதற்றது. ஆகவே எஞ்சியிருப்பவை வாடிக்கையாளரும் அவரது இல்லமும்.' வீட்டின் வரைபடம், சமையலறையிலுள்ள உலோகப் பாத்திரங்களின் பட்டியல், வீட்டாரின் உடலில் பொருத்தப்பட்ட கருவிகள், குடும்பத்தில் யாருக்காவது நிறுவனத்தின் மேல் முன்விரோதம் உண்டா என்ற விவரம் ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள்.

எர்னெஸ்டீன் நான்கே வரி எழுதினாள். கடைசி வரியில் 'என் கணவர் மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்' என்றிருந்தது. ஆஸ்பத்திரி என்ற சொல் வரும் கடிதங்கள் நார்வார்மில் வேறு மாடிக்குப் போகும் போலிருக்கிறது. எட்டாம் நாள் ரயிலில் கார்வின் பென்னர் வந்து இறங்கினார், மூத்த களமதிப்பீட்டாளர்.

பென்னருக்கு ஐம்பது வயதிருக்கும். மெல்லிய கோட்டு, மூன்று பெட்டி. சமையலறையில் உட்கார்ந்து எர்னெஸ்டீன் கொடுத்த பானக் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"மாவு, கொழுப்பு, உப்பு."

"மதிப்பீட்டாளரோட மனசை மாத்தக்கூடிய உணவை ஏத்துக்கக்கூடாதுன்னு விதி இருக்கு" என்றார். பிறகு இரண்டு துண்டு தின்றார், மனம் மாறவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்.

"சார், வண்டியப் பார்த்துடலாமா?" என்றார் வில்ஃபிரட், இருமலை அடக்கிக்கொண்டு.

பென்னர் எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்து பேசும் பழக்கம் அவருக்கு இல்லை போல.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். நார்வார்ம் இருபத்திரண்டு வருஷமா குளிரோட போராடுது. எங்க தலைமை அலுவலகத்துல ஒரு நாள்கூட இருபத்தோரு டிகிரிக்குக் கீழ போனதில்லை, அவ்வளவு கவனமா இருக்கோம். இதுவரைக்கும் எண்ணாயிரம் புகார் வந்திருக்கு. ஒண்ணுகூட உண்மைன்னு நிரூபணம் ஆகலை. இந்த மாதிரி ஒரு சாதனை வேற எந்த நிறுவனத்துக்கும் கிடையாது. ஏன்னா நாங்க வாடிக்கையாளரை நம்பறதில்லை. நம்பினா, அவங்க சொல்றதைக் கேக்க வேண்டி வரும். கேட்டா, சரி பண்ண வேண்டி வரும். அப்புறம் உத்தரவாதத்துக்கு என்ன மரியாதை?"

வில்ஃபிரட் எர்னெஸ்டீனைப் பார்த்தார். எர்னெஸ்டீன் கோட்டை எடுத்தாள்.

"காலைல பள்ளிக்கூடத்துப் பக்கம் கரடி ஒண்ணைப் பார்த்ததா காவல்காரங்க சொன்னாங்க. என் பக்கத்துலயே வாங்க" என்றாள்.

"விலங்குகள் என் மதிப்பீட்டு எல்லைக்குள்ள வராது, மேடம்."

"அது அதுக்குத் தெரியுமா?"

வெளியே மைனஸ் இருபத்துநான்கு. பென்னர் வண்டிக்கு எதிரே நின்று, ரிமோட்டை அவளிடமிருந்து இரண்டு விரலால் வாங்கி, அமுக்கினார். விளக்குகள் இரண்டு முறை சிமிட்டின. அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு ஐயம் படர்ந்தது. வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், கைப்பிடியைத் தொட்டார். கதவு திறந்துகொண்டது.

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம், இது பூட்டலை."

"ஆமா."

"ஏன்?"

"ஏன் பூட்டணும்?"

பென்னர் ரிமோட்டில் பூட்டும் பொத்தானை அமுக்கினார், நான்கு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன. பிறகு கிளப்பும் பொத்தானை அமுக்கினார். வண்டி உறுமியது. அணைத்தார், மறுபடி கிளப்பினார், மறுபடி அணைத்தார். இரண்டு முறையும் தவறவில்லை.

எர்னெஸ்டீன் வாயைத் திறந்தபடி நின்றாள். ஆறு வாரம். வெப்பமானி, கட்டைவிரல், ரயில், ஆஸ்பத்திரிக் குழாய், லாயிட்டின் மீன், எல்லாம் இதற்குத்தானா?

"பூட்டாத வண்டி கிளம்பக்கூடாது. திருடன் ஏறி ஓட்டிட்டுப் போயிடுவான். அதுதான் அந்த முன்நிபந்தனை" என்றார் பென்னர், தாளில் எழுதிக்கொண்டே.

"திருடி எங்க ஓட்டிட்டுப் போவான்? ஊரைச் சுத்திட்டு இங்கயேதான் வரணும்."

"அது திருடனோட பிரச்சினை. இனிமே பூட்டி வையுங்க, கிளம்பும்."

"பூட்டிட்டா, யாராவது ஓடி வந்தா?"

"யாரு ஓடி வருவா?"

"யாராயிருந்தாலும்."

"மேடம், முன்பின் தெரியாத ஆளுக்காக வண்டியைத் திறந்து வைக்கறதுக்குப் புத்தகத்துல ஒரு பேர் இருக்கு. வாடிக்கையாளரின் தவறான பயன்பாடு." அந்தச் சொற்களைத் தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். "உத்தரவாதம் ரத்து. எண்ணாயிரத்து ஒண்ணு."

அப்போதுதான் லாயிட் வீட்டு மூலையிலிருந்து கரடி வந்தது.

ஆண் கரடி, ஒல்லி, அவசரமில்லாத நடை. பென்னர் அதைப் பார்த்தார். தாள் கையிலிருந்து விழுந்தது, ரிமோட்டும் விழுந்து பனிக்குள் போய்விட்டது. வண்டிக் கைப்பிடியை இழுத்தார். சற்று முன் தானே பூட்டிய கதவு அது. இரண்டு முறை இழுத்துவிட்டுத் திரும்பி ஓடினார். லாயிட்டின் பழைய கார் பத்தடியில் நின்றது. அதன் கதவு தொட்டதும் திறந்தது. உள்ளே பாய்ந்தார்.

எர்னெஸ்டீன் அவருக்கு இரண்டடி பின்னால் ஓடி வந்தாள். கைப்பிடியைப் பிடித்தபோது உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

பென்னர் பூட்டிக்கொண்டார்.

கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது. கை பூட்டுக் குமிழின் மேலேயே இருந்தது. அவர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள், கை நகரவில்லை. அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லமாட்டேன். வருடக்கணக்காகப் பூட்டிப் பழகிய கை.

சன்னலில் வில்ஃபிரட் நின்றுகொண்டிருந்தார். கத்த அவரிடம் மூச்சு இல்லை. மேசைமேல் கிடந்த இரண்டாவது ரிமோட்டை எடுத்து, ஆறு வாரமாக அமுக்கிய அதே பொத்தானை அமுக்கினார். வண்டி பூட்டியிருந்தது, அதனால் கிளம்பியது. விளக்குகள் எரிந்தன, எஞ்சின் உறுமியது. கரடி நின்று, தலையைத் திருப்பி, இது யார் புதிதாக என்பதுபோல வண்டியைப் பார்த்தது. மூன்று நொடிதான் இருக்கும். எர்னெஸ்டீன் அந்த மூன்று நொடியில் தெருவைக் கடந்து, எதிர்வீட்டில் குடியிருக்கும் அறிவியல் ஆசிரியையின் வேனுக்கு ஓடினாள். அது திறந்தது.

ஊர்க்காவலர்கள் வந்து வெடி போட்டுக் கரடியைக் கடற்கரைப் பக்கம் விரட்ட இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை எர்னெஸ்டீன் வேனில் மாணவர்களின் விடைத்தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பென்னர் லாயிட்டின் காரில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் எதிரே, மதிப்பீட்டில் தேறிய வண்டி, யாரும் ஏற முடியாதபடி பூட்டிக்கொண்டு, உள்ளே இதமாகச் சூடாகிக்கொண்டிருந்தது.

சமையலறையில் எர்னெஸ்டீன் தேநீர் போட்டாள். லாயிட் வந்து வாசலில் நின்றான், அவன் தன் வீட்டுச் சன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தான்.

"என் காருக்குப் பூட்டு இருக்குங்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும், சார்" என்றான்.

பென்னர் கோப்பையைக் கீழே வைத்தார். "கை தானா போயிடுச்சு, மேடம். எங்க ஊர்ல கார்ல ஏறினதும்..."

"உங்க கை அந்தக் குமிழ் மேலயே இருந்துச்சு" என்றாள் எர்னெஸ்டீன். "நான் பார்த்துட்டே இருந்தேன். எடுக்கவே இல்லை." கோபமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் தொடங்கினாள். குரல் உடைந்துவிட்டது.

பென்னர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து மடிக்கணினியை எடுத்தார்.

"பூட்டாமலே கிளம்பற மாதிரி மாத்தலாம்" என்றார் மெதுவாக. "நாலு நிமிஷ வேலை."

வில்ஃபிரட் நாற்காலியில் நிமிர்ந்தார். "இது உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். பிராட்லிக்குக்கூடத் தெரியும். அதுக்குப் படிவம் இல்லை, அதான் செய்யறதில்லை. வாடிக்கையாளரோட பாதுகாப்புன்னு எங்க படிவத்துல ஒரு கட்டமே கிடையாது." பக்கங்களைப் புரட்டினார். "ஊழியர் பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கு. நிறுவனத்து ஆள் ஒருத்தர் ஆபத்தான இடத்துல தங்கியிருக்கிறவரைக்கும், அவரோட பாதுகாப்புக்காக எந்த அமைப்பையும் மாத்திக்கலாம். போகும்போது பழையபடி மாத்திடணும்."

"எப்ப போறீங்க?"

"வியாழக்கிழமை ரயில்ல."

"வியாழக்கிழமைக்கு அப்புறம் நான் பழையபடி முப்பத்திரண்டு அடி நடக்கணும், அப்படித்தானே?"

பென்னர் சன்னல் வழியாக வெளியே பார்த்தார். பனியில் அவர் ஓடிய கால்தடமும், அவருக்குப் பின்னால் அவள் ஓடிய கால்தடமும், லாயிட்டின் காரருகே அவள் தடம் மட்டும் திரும்பிப் போனதும் நன்றாகத் தெரிந்தன. பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். லாயிட் துப்பாக்கியோடு கூடப் போனான். நாலு நிமிடம் என்று சொன்னது பொய், மூன்றே நிமிடம்தான் ஆனது.

திரும்பி வந்து படிவத்தை நிரப்பினார். காரணம்: ஊழியர் பாதுகாப்பு. ஊழியரின் பெயர்: கார்வின் பென்னர். தங்கும் காலம் என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். 'மறு அறிவிப்பு வரும்வரை' என்று எழுதினார்.

வியாழக்கிழமை ரயிலேறிப் போனார். காகிதத்தில் போகவில்லை.

இது நடந்து ஒரு வருடமாகிறது. நார்வார்மின் பதிவேட்டின்படி மூத்த களமதிப்பீட்டாளர் பென்னர் இன்னும் எங்கள் ஊரில், ஃப்ளெட் வீட்டில்தான் இருக்கிறார். வின்னிபெக் அலுவலகத்தில் அவர் தினமும் தன் மேசையில் உட்கார்ந்திருப்பது உண்மைதான். ஆனால் பதிவேடு சொல்வதற்கு எதிராக ஒரு மனிதன் எதிரே உட்கார்ந்திருந்தால், நிறுவனம் பதிவேட்டைத்தான் நம்பும். அவருடைய வண்டி நிறுத்துமிடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவரை அழைக்கவில்லை, வடக்கே குளிரில் கிடக்கும் சக ஊழியருக்காக விருந்தில் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்களாம். அவரே ஒருமுறை தொலைபேசியில் சொன்னார்.

"கஷ்டமா இருக்கா, சார்?" என்று எர்னெஸ்டீன் கேட்டாள்.

"பழகிடுச்சு, மேடம். நீங்க பதிலை மட்டும் மாத்திடாதீங்க."

மாதத்துக்கு ஒருமுறை நிறுவனத்திலிருந்து மூன்று கேள்விகளோடு ஒரு தாள் வரும். ஊழியர் தளத்தில் இருக்கிறாரா? நலமாக இருக்கிறாரா? எப்போது திரும்புவார்? எர்னெஸ்டீன் பேனாவை எடுத்து, ஒரு மாதமும் தவறாமல், இருக்கிறார், ரொட்டி நன்றாகச் சாப்பிடுகிறார், கடல் உறைந்ததும் வருவார் என்று எழுதி அனுப்புகிறாள். கடல் உறைந்தபின் வரும் தாளுக்கு, கடல் உருகியதும் என்று எழுதுகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை நவம்பர் மாதத் தாளை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, சன்னலில் நின்றபடி ரிமோட்டை அமுக்கினாள். வண்டி கிளம்பியது. இருபது நிமிடம் கழித்து வில்ஃபிரட் கழுத்துத் துணியை மூக்குவரை சுற்றிக்கொண்டு, அவள் தோளைப் பிடித்தபடி முப்பத்திரண்டு அடி நடந்தார். சூடான வண்டியில் ஏறி உட்கார்ந்து, துணியை இறக்கி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துவிட்டார்.

"பென்னர் எப்படி இருக்காரு?"

"பின்சீட்டுல தூங்கறாரு."

"கதவைப் பூட்டிக்கலையே?"

"இங்க வந்து ஒரு வருஷமாச்சு. இன்னுமா பூட்டுவாரு" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.